ஓடுகிற பிள்ளைக்குச் சாப்பாடு போதுகிறதா? மைதானத்திலேயே கண்டறியும் முறை

அரசு தரும் நாப்கின் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுப்பது எங்கள் பள்ளியில் என் பொறுப்பு. ஒரு பிப்ரவரியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பங்கை வாங்கிய கையோடு எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என்னிடம் 3000 மீட்டர் ஓடுகிறவள். "உனக்கு வேண்டாமா?" என்று கேட்டேன். "எனக்கு மிச்சம் இருக்கிறது மிஸ்" என்றாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், மொத்தம் பதினெட்டு நாப்கின். அது எந்தப் பிள்ளைக்கும் மிச்சமாகாது. மறுநாள் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோதுதான் சொன்னாள், தீபாவளிக்கு முன்னால் வந்ததோடு சரி, அதற்குப் பிறகு மாதவிடாய் வரவில்லை என்று. வலது முன்னங்கால் எலும்பில் இரண்டு வாரமாக வலி இருப்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

நான் உடற்கல்வி ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டக்காரப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். அந்தப் பிள்ளை முந்தைய செப்டம்பரில் எடை குறைந்து, நேரமும் குறைந்து வந்தபோது, மற்ற பிள்ளைகள் முன்னால் அவளைப் பாராட்டியவள் நான்தான். நான் கல்லூரியில் ஓடிய காலத்தில் எனக்கும் ஏழு மாதம் மாதவிடாய் நின்றது. "கடுமையாகப் பயிற்சி செய்தால் நிற்கும், நல்லதுதான்" என்று அன்று சொல்லிக் கொடுத்தார்கள். அது தவறு. அந்தத் தவறை இன்றும் மைதானங்களில் கேட்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். மருத்துவம் என் வேலை இல்லை. யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பது என் வேலை.

கணக்கு

உடல் நாம் உண்ணும் உணவிலிருந்து முதலில் பயிற்சிக்கான செலவைக் கொடுத்துவிடுகிறது. மீதியில்தான் இதயம், மூளை, எலும்பு, கருப்பை எல்லாம் பிழைக்க வேண்டும். அந்த மீதியை, கொழுப்பு நீங்கிய உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு கலோரி என்று கணக்கிடுவார்கள். வயது வந்த பெண்ணுக்கு நாளைக்கு 45 இருந்தால் நிறைவு. 30-க்குக் கீழே போனால் மாதவிடாயை நடத்தும் ஹார்மோன் துடிப்பு குலைவதை 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எல்லாருக்கும் சரியாக 30-இல் கோடு விழுவதில்லை. சிலருக்கு அதற்கு மேலேயே குலையும்.

அந்தப் பிள்ளையின் கணக்கை அவளோடு உட்கார்ந்து போட்டோம். எடை 44 கிலோ. கொழுப்பு எட்டு கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால் மீதி 36. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்குச் சுமார் ஒரு கலோரி செலவு. ஆகவே அவள் ஓடும் பத்து கிலோமீட்டருக்கு 440. நிறைவாக இருக்க அவளுக்கு 36 பெருக்கல் 45, அதோடு 440, ஆக 2060 கலோரி வேண்டும். அவள் சாப்பிட்டது: விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஒரு தம்ளர் டீ, இரண்டு பிஸ்கட். பயிற்சி முடிந்து மூன்று இட்லி. மதியம் சின்ன டப்பாவில் எலுமிச்சை சாதம். மாலை டீயும் ஒரு பன்னும். இரவு இரண்டு தோசை. எப்படிக் கூட்டினாலும் 1200-ஐத் தாண்டவில்லை. ஓட்டத்துக்கான 440 போனால் 760. அதை 36-ஆல் வகுத்தால் 21.

இவள் எடை குறைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கவில்லை. பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் சத்துணவு சாப்பிட்டாள், முட்டையோடு. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. காலை உணவுத் திட்டமும் தொடக்க வகுப்புகளுக்குத்தான். பதினொன்றில் சேர்ந்த ஜூன் மாதம் அவளுடைய மதியச் சாப்பாடும் முட்டையும் நின்றன. அதே ஜூனில் நான் அவளுடைய ஓட்டத்தைக் கூட்டினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உணவுக் கோளாறு என்றாலே கண்ணாடி முன் நின்று இடுப்பை அளக்கும் பெண்ணைத்தான் நினைக்கிறோம். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாங்கள் குறைவாகச் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது. பஸ் நேரம், மெஸ் நேரம், டியூஷன் நேரம், வீட்டுப் பணம். இவைதான் காரணம்.

இந்தப் பற்றாக்குறை, நின்றுபோகும் மாதவிடாய், தேயும் எலும்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று 1992-லிருந்தே விளையாட்டு மருத்துவர்கள் பேசுகிறார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் அதை விரித்து, இதயம், குடல், எதிர்ப்புச் சக்தி, மனநிலை என எல்லாவற்றையும் சேர்த்து 'ரெட்ஸ்' என்று பெயரிட்டது. பெயர் முக்கியமில்லை. பெண்ணின் எலும்பு தன் உச்ச வலுவில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதத்தைப் பதினெட்டு வயதுக்குள் சேர்த்துவிடுகிறது என்பதுதான் முக்கியம். நம்மிடம் அவர்கள் ஓடும் ஆண்டுகள்தான் அந்த ஆண்டுகள்.

கேட்பதற்கு முன்

மைதானத்தில் வரிசையில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். தனி அறை, திறந்த கதவு, பத்து நிமிடம். முதலில் பெற்றோரிடம், "பயிற்சிக்கு வரும் எல்லாப் பிள்ளைகளிடமும் உடல்நலக் கேள்விகள் கேட்கிறோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எல்லாரிடமும் என்பது முக்கியம். ஒல்லியான பிள்ளையை மட்டும் கூப்பிட்டால் அவளுக்கு வெட்கம், குண்டான பிள்ளை தப்பிவிடுவாள். எடை சரியாக இருப்பவளுக்கும் இந்தப் பற்றாக்குறை வரும். உடல் செலவைச் சுருக்கிக்கொண்டு எடையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பயிற்சியாளர் ஆணாக இருந்தால் கேள்விகளை ஓர் ஆசிரியையிடமோ செவிலியரிடமோ விட்டுவிடுங்கள். ஆனால் பதில் என்ன ஆனது என்று கவலைப்படுவதை விட்டுவிடாதீர்கள். குறிப்பேட்டில் பெயர் எழுதாமல் எண் போடுங்கள். இன்னொன்று: "மாதவிடாய் வரவில்லை என்று சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ" என்ற பயம் பிள்ளைகளுக்கு உண்டு. "சொன்னதற்காக யாரையும் நீக்க மாட்டேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

எடை பார்க்கும் இயந்திரத்தை அறைக்கு வெளியே வையுங்கள். கபடியில் எடை வரம்பும் மல்யுத்தத்தில் எடைப் பிரிவும் இருப்பதால் பார்த்தே ஆக வேண்டும். அங்கேயும் தனியாகப் பாருங்கள், எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடியதால் வினேஷ் போகாட் தகுதி இழந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எடை என்ற சொல்லே அவர்களுக்கு இப்போது கனமானது.

மாதவிடாய்

முதல் கேள்வி, "எப்போது வயதுக்கு வந்தாய்?" இந்தக் கேள்விக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் துல்லியமாகப் பதில் சொல்வார்கள். மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்திருப்பார்கள், மாமன் சீர் வந்திருக்கும், தேதி மறக்காது. பதினைந்து வயது முடிந்தும் வரவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். "ஓடுகிற பிள்ளைக்குத் தாமதமாகத்தான் வரும்" என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, "கடைசியாக வந்த தேதி என்ன? அதற்கு முந்தையது?" "ஒழுங்காக வருகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்பார்கள். தேதி கேட்டால் காலண்டரைப் பார்ப்பார்கள். பதின்ம வயதில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி இருக்கலாம். பெரியவர்களுக்கு 35 நாளைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வந்து ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆனால் எந்த வயதிலும் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் இருந்தால் அது இயல்பு இல்லை. 'நிற்கவில்லை, ஆனால் ரொம்பக் குறைந்துவிட்டது' என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: "மாத்திரை ஏதாவது போட்டாயா?" கோயில் கொடை, அக்கா கல்யாணம், மாவட்டப் போட்டி என்று தேதியைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிக் கொடுப்பது வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. வராதவளுக்கு வரவழைக்கவும் மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு உடல் தேறிவிட்டதற்கு அடையாளம் இல்லை. கருத்தடை மாத்திரை மாதாமாதம் ரத்தப்போக்கைக் கொண்டு வந்து உள்ளே இருக்கும் குறையை மறைத்துவிடும். அதனால் எலும்பும் தேறாது.

"பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொன்னார்கள்" என்று ஒரு பிள்ளை சொன்னால் எந்தப் பரிசோதனையை வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலே பிசிஓடி என்று அக்கம்பக்கத்தாரே முடிவு செய்கிற காலம் இது. அதற்கு முதல் அறிவுரை எடையைக் குறை, சோற்றைக் குறை என்பது. ஏற்கெனவே பற்றாக்குறையில் ஓடுகிற பிள்ளைக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை இல்லை. உண்மையிலேயே பிசிஓடி இருக்கவும் கூடும். அதை மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும்.

சாப்பாடு

"நன்றாகச் சாப்பிடுகிறாயா?" என்பது கேள்வியே இல்லை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தாய், ஓடுவதற்கு முன் வாயில் என்ன போட்டாய், முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து அடுத்த கவளம், டப்பாவில் என்ன இருந்தது, முழுதும் சாப்பிட்டாயா, தோழியோடு பகிர்ந்தாயா? எங்கள் பிள்ளையிடம் இப்படிக் கேட்டபோது, இரவு எட்டு மணித் தோசைக்கும் மறுநாள் காலை ஒன்பதே முக்கால் இட்லிக்கும் நடுவில் அந்த டீயும் பிஸ்கட்டும் தவிர வேறெதுவும் இல்லை என்று தெரிந்தது. அந்த இடைவெளிக்குள் பத்து கிலோமீட்டர் ஓட்டம்.

செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிறாளா என்று கேளுங்கள். உண்மையான விரதத்தை மதியுங்கள். ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாள் விரதம் என்று நீண்டால் இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள். இரவுச் சோற்றை நிறுத்தினாளா, எப்போதிலிருந்து, யார் சொல்லி? சாப்பிட்டபின் குற்ற உணர்ச்சி வருகிறதா? வாந்தி எடுத்ததுண்டா? பேதி மாத்திரை? இந்தக் கடைசிக் கேள்விகளைக் குரலை மாற்றாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலவே கேளுங்கள். ஆம் என்றால் அதிர்ச்சி காட்டாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். "சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டு மருத்துவருக்கும் மனநல ஆலோசகருக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

எலும்பு

கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை நாள் காயத்தால் ஓடாமல் இருந்தாள் என்று எழுதுங்கள். பிறகு முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பை ஒரே விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசை ஒட்டும் இடத்து வீக்கம். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து அவள் காலை இழுத்துக்கொண்டால் எலும்பில் விரிசல் இருக்கலாம். எங்கள் பிள்ளை இழுத்துக்கொண்டாள். இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் சந்தேகம் இன்னும் கூடும். அதை உறுதிப்படுத்த ஒற்றைக் காலில் குதிக்கவோ ஓடவோ சொல்லாதீர்கள். அன்றே ஓட்டம் நிற்க வேண்டும். தொடை இடுக்கில், இடுப்பில், நடுப் பாதத்தில் வரும் வலியை இன்னும் பயத்தோடு பாருங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டால் முழுதாக முறிந்துவிடக்கூடும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கும். எம்ஆர்ஐயில் முன்பே தெரியும். எங்கள் பிள்ளைக்கு முதல் படம் சுத்தமாகத்தான் வந்தது. வலி இருந்தவரை ஓட்டத்துக்கு விடவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் எலும்பின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைத் தடிப்பு, ஆறத் தொடங்கிய விரிசல்.

மற்ற அறிகுறிகளை விரைவாகக் கேட்டுவிடலாம். மற்றவர்களுக்கு வியர்க்கும்போது இவளுக்குக் கை சில்லென்று இருக்கிறதா, மலச்சிக்கல், வயிறு உப்பல், அடிக்கடி சளி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல். படுக்கையிலிருந்து எழும் முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். ஓட்டக்காரர்களுக்குத் துடிப்பு மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் பதின்ம வயதில் 50-க்குக் கீழே, பெரியவர்களுக்கு 40-க்குக் கீழே போனால் மருத்துவர் பார்க்க வேண்டும். மயக்கமும் சேர்ந்தால் அன்றைக்கே. சோர்வு என்றதும் ரத்தசோகை என்று இரும்பு மாத்திரையோடு நிறுத்திக்கொள்கிறோம். ரத்தசோகை தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இருப்பது உண்மைதான். அது இருப்பதால் பற்றாக்குறை இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே தட்டிலிருந்து வருபவை.

பதினெட்டு வயதைத் தாண்டிய நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு லீஃப்-கியூ என்று 25 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. 2014-இல் வந்தது. காயம், குடல், மாதவிடாய் மூன்றையும் கேட்கும். 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து இருக்கலாம் என்று பொருள். கல்லூரி அணிகள் அதைப் பயன்படுத்தலாம். பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது இல்லை என்பதால் நான் மதிப்பெண் போடுவதில்லை.

யாரை அனுப்புவது

மூன்று மாதம் மாதவிடாய் இல்லை, பதினைந்து வயதாகியும் வரவில்லை, ஒரு முறையாவது எலும்பு விரிசல், வாந்தி எடுக்கும் பழக்கம், ஒரு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவு, மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலே மருத்துவர் பார்க்காமல் பயிற்சி இல்லை. தேதி தள்ளிப்போவது, சாப்பாட்டில் நீண்ட இடைவெளி, கை சில்லிடுதல் போன்றவை இரண்டு மூன்று சேர்ந்தால் ஓட்டத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி, ஒரு மாதத்தில் மறுபடி கேட்பேன். ஒலிம்பிக் கமிட்டி 2023-இல் இதையே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்காகப் பிரித்தது. அது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய கருவி.

அனுப்பும்போது வெறும் கையோடு அனுப்பாதீர்கள். ஐந்து வரிக் கடிதம் கொடுங்கள்: வயது, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாள், கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகள், நேற்றைய சாப்பாடு, வலி இருக்கும் இடம். கடைசி வரியாக, "ஆற்றல் பற்றாக்குறையால் மாதவிடாய் நின்றிருக்குமோ என்று சந்தேகிக்கிறேன்" என்று எழுதுங்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்த வரி வேலை செய்கிறது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வதும் முதல் பரிசோதனைகளில் ஒன்று. அம்மாவிடம் முன்பே, "இது எல்லாருக்கும் செய்வது, உங்கள் மகளைச் சந்தேகப்படவில்லை" என்று சொல்லி வையுங்கள். சொல்லாமல் போய் ஒரு தாய் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மகளை அடித்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு தைராய்டு, புரோலாக்டின், மாதவிடாயை நடத்தும் ஹார்மோன்கள், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்தாலோ எலும்பு விரிசல் இருந்தாலோ டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்திச் சோதனை தேவையா என்று கேளுங்கள். அதன் முடிவில், இந்த வயதில் ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும், வளர்ந்த இளம் பெண்களோடு ஒப்பிடும் டி மதிப்பை இல்லை.

வீட்டில் என்ன சொல்வது

அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தையல் வேலை செய்பவர். "டீச்சர், நாங்கள் என்ன பட்டினியா போடுகிறோம்?" என்று கேட்டு அழுதார். இல்லை அக்கா, வீட்டில் எல்லாரும் சாப்பிடும் அளவே அவளும் சாப்பிடுகிறாள், ஆனால் அவள் ஒருத்திதான் பத்து கிலோமீட்டர் ஓடுகிறாள் என்று 2060 கணக்கைக் காட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அழுகை நின்றது. என்ன செய்யலாம் என்று கேட்டார்.

பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. மாதவிடாய் குலைந்த, உடற்பயிற்சி செய்யும் பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாளைக்குச் சராசரியாக 330 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு மாதவிடாய் திரும்பும் வாய்ப்பு கூடியது. எங்கள் பிள்ளைக்குக் குறை அதைவிட அதிகம். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம். ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள் இரண்டு கடலை மிட்டாயும் அவித்த முட்டையும், என் பையிலிருந்தே. டப்பாவைப் பெரிதாக்கி, சாதத்தோடு ஒரு பிடி வறுத்த நிலக்கடலை. மாலை சத்துமாவு உருண்டை. இரவு தோசை நான்கு. அதோடு, விரிசல் ஆறும்வரை ஓட்டமே இல்லை. அந்த 440-உம் மிச்சம்.

எலும்பு எட்டு வாரத்தில் ஆறியது. மாதவிடாய் திரும்ப ஏழு மாதம் பிடித்தது, செப்டம்பரில் வந்தது. அந்த ஏழு மாதமும் "என்ன ஆச்சு, வந்ததா?" என்று நான் கேட்கவில்லை. அவளே மாதம் முதல் தேதி குறிப்பேட்டில் எழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன். வலியின்றி நடக்க முடிந்தபின் மருத்துவர் அனுமதியோடு, ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினோம். சாப்பாட்டுக் கணக்கு சரியாக இல்லாத வாரம் கிலோமீட்டர் கூட்டுவதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம்.

இப்போது எல்லாப் பிள்ளைகளையும் ஆண்டுக்கு மூன்று முறை கேட்கிறேன்: ஜூனில், அக்டோபரில், பிப்ரவரியில். ஜூன் மாதம் பதினொன்றில் சேரும் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, மதியம் என்ன கொண்டு வந்திருக்கிறாய் என்று. டப்பாவைத் திறந்து காட்டச் சொல்கிறேன்.